புதுக் கணினியும் இணைய வடமும்

கடையிற் பொருத்தி வைத்த கணினியை அப்படியே வாங்கி வருவதை விட்டு, உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கி, வீட்டு மேசைமீது பரப்பித் தம் கையாலேயே பூட்டிக்கொள்வதில் நாட்டமுடையோர் இன்று பலர். பல மாத ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக்கொண்டு தாய்ப்பலகை ஓரிடத்திலும் நினைவகம் வேறோரிடத்திலும் வாங்கி, இரவிரவாக விழித்திருந்து, கடைசித் திருகாணியையும் இறுக்கிவிட்டு ஆளியை அழுத்துகின்றனர். விசிறி சுழல்கிறது, திரை ஒளிர்கிறது. இதுவரையில் எல்லாம் நன்று. ஆயின், சுவரோரமாக வரும் இணைய வடத்தைக் கணினியின் முதுகிற் செருகியபின் ஒன்றும் நிகழவில்லை. திரையின் மூலையில் உருண்டை வடிவான சிறு குறி ஒன்று, தொடர்பு இல்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது.

அவ்வேளையிற் பெரும்பாலோர் செய்வது யாது? தாய்ப்பலகை பழுது என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். பூட்டியவற்றையெல்லாம் கழற்றிப் பலகையைப் பெட்டியில் இட்டுக் கடைக்குத் திருப்புகின்றனர். கழற்றும் அவசரத்தில் முறைவழியாக்கி அமரும் இடத்திலுள்ள மயிர்போன்ற ஊசிகளுள் ஒன்று வளைந்துவிடுமாயின், பழுதற்ற பலகை உண்மையிலேயே பழுதாகிவிடும். உத்தரவாதமும் கைவிட்டுப் போகும். வேறு சிலர் பணிசெயல் முறைமையை மூன்று முறை அழித்து மூன்று முறை நிறுவுகின்றனர். வடத்தில் ஒரு கம்பி அறுந்திருக்குமானால், முப்பது முறை நிறுவினும் அது பொருந்தாது என்பதை அவர் எண்ணுவதில்லை.

கணினியிலிருந்து வெளியுலகம் வரையுள்ள வழி ஒரு படிக்கட்டுப் போன்றது. அடிப்படியிற் செம்புக்கம்பி, அதன்மேல் அக்கம்பியிற் குறிகளை ஏற்றி இறக்கும் சில்லு, அதன்மேல் அச்சில்லை ஆளும் மென்பொருள், அதன்மேல் முகவரி, உச்சியிற் பெயர். மேற்படி ஒவ்வொன்றும் கீழ்ப்படியைச் சார்ந்து நிற்பது. ஆதலின் குறையை அடியிலிருந்து தேடத் தொடங்குபவர் அரைமணி நேரத்தில் முடிக்கும் வேலையை, நடுவிலே தொடங்குபவர் இரண்டு நாள் செய்துகொண்டிருப்பார்.

அடிப்படியில் முதலிற் பார்க்க வேண்டியது, புதிதாகப் பூட்டிய கணினிக்கே உரிய ஒரு குறை. கணினிப் பெட்டியின் பின்புறத்திலே, செருகுவாய்களுக்கு ஏற்பத் துளைகள் வெட்டிய மெல்லிய தகடு ஒன்று பதிக்கப்படுகிறது. சில பலகைகளில் அது நிலையாகவே பொருத்தப்பட்டு வரும். ஏனையவற்றிற் பூட்டுபவரே பதித்தல் வேண்டும். அத்தகட்டின் உட்புறத்திற் சிறு வில் நாக்குகள் பல உள. பலகையை உள்ளே தள்ளும்போது அந்நாக்குகளுள் ஒன்று மடிந்து, இணைய வடம் செருகும் வாய்க்குள்ளே நுழைந்துவிடுவது உண்டு. வெளியிலிருந்து நோக்குவார்க்கு வடம் செருகப்பட்டதாகவே தோன்றும்; உள்ளேயோ அது முழுமையாக அமர்ந்திராது. கைவிளக்கொன்றை அடித்துப் பார்த்தால் ஒரு நொடியிற் புலப்படும் இக்குறைக்காகப் பலகைகள் கடைக்குத் திரும்பிப் போயிருக்கின்றன. வடத்தை அழுத்தும்போது "கிளிக்" என்ற ஒலி கேட்க வேண்டும். செருகியின் முதுகிலுள்ள பிளாத்திக்கு நாக்கு ஒடிந்திருப்பின் அவ்வொலி எழாது. மேசை அசைந்தவிடத்து வடமும் நழுவும்.

வடம் சரியாக அமர்ந்தபின் செருகுவாயின் ஓரத்திலுள்ள சிறு விளக்குகளை நோக்குதல் வேண்டும். அவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று இணைப்பு உண்டென்பதையும், நிறவேற்றுமையால் அதன் வேகத்தையும் காட்டும். மற்றது செய்தி போய்வருந்தோறும் மின்னும். நிறத்தின் பொருள் பலகைக்குப் பலகை வேறுபடுவதால் உடன்வந்த கைநூலைப் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான பலகைகளில் இவ்விளக்கு எரிவதற்குப் பணிசெயல் முறைமையும் வேண்டா, முகவரியும் வேண்டா. வடத்தின் இரு முனைகளிலுமுள்ள சில்லுகள் ஒன்றையொன்று கண்டு, எவ்வேகத்திற் பேசுவது என்று தமக்குள் உடன்பட்டாலே போதும். ஆகவே விளக்கு எரியுமாயின், குறை பெரும்பாலும் மேற்படிகளிலேயே உள்ளது. எரியாவிடின், மேற்படிகளைத் தொடவே வேண்டியதில்லை. வடம், அதன் மறுமுனையிலுள்ள ரவுட்டர், பலகை ஆகிய மூன்றுள் ஒன்றே குற்றவாளி.

அம்மூன்றனுள் எது என்று அறிதற்கு எளிய வழி மாற்றிப் பார்த்தல். வீட்டிலே நன்றாக இயங்கும் மடிக்கணினி ஒன்று இருந்தால், அதே வடத்தை அதிற் செருகிப் பார்க்கலாம். அதுவும் இயங்காவிடின் புதுக் கணினி குற்றமற்றது. பின்னர் ரவுட்டரில் வேறொரு வாயில், அதன்பின் வேறொரு வடம். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மாத்திரமே மாற்றுதல் வேண்டும். வடத்தையும் வாயையும் ஒருங்கே மாற்றிவிட்டு, இணைப்பு வந்துவிட்டதென்று மகிழ்பவருக்கு எது பழுது என்பது தெரியாமலே போகும். பழுதான வடம் அலுமாரியில் உறங்கி, அடுத்த ஆண்டு மற்றொருவரை வருத்தும்.

ரவுட்டரின் வாயைப் பற்றி இலங்கை வீடுகளுக்கென்று ஒரு சொல். சித்திரை மாதத்தை ஒட்டியும் ஐப்பசியை ஒட்டியும் பிற்பகல் தோறும் இடிமழை பெய்யும் காலத்தில், தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின்கம்பி வழியாகவும் ஏறிவரும் மின்னற் பாய்ச்சல், ரவுட்டரை முழுவதும் எரித்துவிடாமல் அதன் வாய்களுள் ஒன்றிரண்டை மாத்திரம் செயலிழக்கச் செய்வதுண்டு. வீட்டார் அதுவரை கம்பியில்லாத் தொடர்பையே பயன்படுத்தி வந்திருப்பின் அவ்வாய் இறந்ததை எவரும் அறிந்திரார். புதுக் கணினிக்காக முதன்முறை வடம் செருகும்போதே அது வெளிப்படும். பழி புதுக் கணினிமேல் விழும்.

இனி வடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று நோக்குவது பயனுடையது. 1973 மே 22 ஆம் நாள் ரொபேட் மெற்காஃப் என்பவர், கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்றோ ஆய்வு நிலையத்தில் எழுதிய குறிப்பொன்றில் "ஈதர்நெற்" என்னும் பெயரை முதன்முதல் வழங்கினார். ஒளி செல்லும் ஊடகமென்று பழைய பௌதிகவியலார் கற்பித்திருந்த ஈதரே அப்பெயருக்கு மூலம். அவர் காலத்து வடம் தடித்த ஒற்றை வடம். இன்று வீடுகளிற் காண்பது எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்ட வடம். சோடியாக முறுக்கும் உபாயம் கணினிக்காகக் கண்டதன்று. தொலைபேசியிற் பிற இரைச்சல் கலவாதிருத்தற்பொருட்டு அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881 இலேயே கண்டது. முறுக்கிய இரு கம்பிகளையும் புறத்திலிருந்து வரும் மின்னிரைச்சல் ஏறத்தாழ ஒரே அளவாகத் தாக்கும். சில்லு அவ்விரு கம்பிகளின் வேறுபாட்டை மாத்திரமே படிப்பதால், இரண்டிற்கும் பொதுவான இரைச்சல் கழிந்துபோகும்.

இதனால் விளையும் உண்மைகள் இரண்டு, பழுது தேடுவார்க்கு மிக வேண்டியவை. செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகத்தில் இயங்கும் இணைப்பு, எட்டுக் கம்பிகளுள் 1, 2, 3, 6 என்னும் நான்கையே பயன்படுத்துகிறது. 1000 மெகாபிற்று வேகத்துக்கோ எட்டும் வேண்டும். எனவே எஞ்சிய நான்கு கம்பிகளுள் ஒன்று அறுந்திருப்பின், சில கணினிகளில் இணைப்பு அடியோடு நில்லாது. 100 மெகாபிற்று அளவிற்குத் தாழ்ந்து ஓடிக்கொண்டிருக்கும். வேறு சிலவற்றில் விளக்கு எரிவதும் அணைவதுமாகத் தவிக்கும். பழைய கணினி 100 மெகாபிற்று மாத்திரமே அறிந்ததாயின், அதிற் பல்லாண்டு குறையின்றி உழைத்த வடம், புதுக் கணினியில் முதல்நாளே தடுமாறும். "நேற்றுவரை இயங்கிய வடந்தானே" என்னும் வாதம் இங்கே செல்லாது.

மற்றது கையால் முடிந்த வடங்களைப் பற்றியது. எட்டுக் கம்பிகளையும் இரு முனையிலும் ஒரே வரிசையில் அமைத்தால் போதும் என்று எண்ணி, சோடி சோடியாக 1-2, 3-4, 5-6, 7-8 என அடுக்குவோர் உளர். முறையான வரிசையிலோ 3 ஆம் கம்பிக்குச் சோடி 6. 4 ஆம் கம்பிக்குச் சோடி 5. வெண்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெண்பச்சை, நீலம், வெண்ணீலம், பச்சை, வெண்கபிலம், கபிலம் என்று பச்சைச் சோடியின் நடுவே நீலச் சோடி புகுந்து நிற்பது அதனாலேயே. பிழையாக அடுக்கிய வடத்தை மலிவான சோதனைக் கருவியில் இட்டால் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். கம்பி தொடர்ந்திருக்கிறதா என்பதை மாத்திரமே அது பார்க்கும். ஒன்றோடொன்று முறுக்கப்படாத கம்பிகள் சோடியாக உழைப்பதால் இரைச்சல் கழியாது. சிறு நீளத்தில் எப்படியோ ஓடி, நீண்ட வடத்தில் இணைப்பு முறியும். ஐயமுள்ள கைமுடிப்பு வடத்தைச் சோதித்துக்கொண்டிராமல், ஆலையில் முடித்த வடம் ஒன்றைச் செருகிப் பார்ப்பதே விரைவு. 5இ எனப்படும் வகை வடமே 100 மீற்றர் வரை 1000 மெகாபிற்று வேகத்திற்குப் போதுமாகையால் விலையுயர்ந்த வடத்தைத் தேடவும் வேண்டியதில்லை.

வடமும் ரவுட்டரும் நல்லவை, ஆயினும் விளக்கு எரியவில்லை என்னும் நிலையில், கணினியை எழுப்பும்போது நுழையக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையைத் திறத்தல் வேண்டும். பயோஸ் என்று பழகிய பெயர் அதற்கு. பலகையோடு பிறந்த வலையமைப்புச் சில்லை இயங்கவிடுவதா என்று கேட்கும் ஒரு வரி அதிலே காணப்படும். அது மூடியிருந்தால் திறந்துவிடலாம். மின்வடத்தைக் கழற்றி, ஆளியைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்னை வடித்து, மீண்டும் எழுப்பிய மாத்திரத்தில் உறைந்திருந்த சில்லு விழித்துக்கொண்ட நிகழ்ச்சிகளும் பல.

விளக்கு எரிகிறது, கணினியோ இணைப்பே இல்லை என்கிறது. புதுக் கணினிகளில் மிகுதியாகக் காண்பது இந்நிலையே. காரணம் செலுத்தி என்று வழங்கும் சிறு மென்பொருள் இல்லாமை. ஒவ்வொரு சில்லுக்கும் அதனோடு பேசத் தெரிந்த செலுத்தி வேண்டும். நிறுவும் தொகுப்பு உருவான காலத்துக்குப் பின்னர் பிறந்த சில்லை அத்தொகுப்பு அறியாது. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 இல், செக்கனுக்கு 2.5 கிகாபிற்று வேகமுடைய இணைப்புகள் வீட்டுப் பலகைகளிற் பரவியது 2020 ஐ ஒட்டி. ஆகவே பழைய தொகுப்பைக் கொண்டு நிறுவியவர், சாதனங்களின் பட்டியலைத் திறந்தால், வலையமைப்புச் சில்லின் இடத்திலே மஞ்சள் முக்கோணமும் வியப்புக்குறியுமே காண்பார். செலுத்தி இணையத்தில் உண்டு; இணையத்துக்குப் போகவோ செலுத்தி வேண்டும். பெட்டியைப் பூட்டித் திறப்பை உள்ளே வைத்தவன் நிலை இதுதான். விண்டோஸ் 11 இன் வீட்டுப் பதிப்போ நிறுவும் வேளையிலேயே இணையத் தொடர்பைக் கேட்டு நின்று, இச்சங்கடத்தை இன்னும் கூர்மையாக்குகிறது.

வெளியேறும் வழிகள் உண்டு. பலகையைச் செய்தவரின் இணையத்தளத்தில், அப்பலகையின் பெயரும் எண்ணும் சரிபார்த்து, வேறொரு கணினியால் செலுத்தியை இறக்கி, யூ.எஸ்.பி. கோலில் எடுத்துவருதல் ஒன்று. பலகையோடு வந்த இறுவட்டு இருந்தாலும் இக்காலக் கணினிப் பெட்டிகளில் அதனைச் செருக இடமில்லை. வீட்டில் வேறு கணினியே இல்லாதவருக்குக் கைத்தொலைபேசி உதவும். அன்ட்ரொயிட் தொலைபேசியை யூ.எஸ்.பி. வடத்தாற் கணினியோடு இணைத்து, அதன் அமைப்புகளில் யூ.எஸ்.பி. வழிப் பகிர்வை இயக்கினால், பெரும்பாலும் தனிச் செலுத்தி ஏதுமின்றியே கணினி அதனை ஒரு வலையமைப்பாக ஏற்றுக்கொள்ளும். அவ்வழியே செலுத்தியை இறக்கியபின் தொலைபேசியைக் கழற்றிவிடலாம்.

பழுது சில்லிலா செலுத்தியிலா என்று ஐயுறுவோர்க்கு இன்னோர் உரைகல் உண்டு. லினக்ஸ் முறைமையை யூ.எஸ்.பி. கோலிலிருந்தே, வட்டில் எதையும் நிறுவாமல் இயக்கிப் பார்க்கலாம். பெரும்பாலான சில்லுகளின் செலுத்திகளை லினக்ஸ் தன் கருவிலேயே சுமந்து வருகிறது. அங்கே இணையம் வேலை செய்யுமாயின் பலகையும் வடமும் நல்லவை. திருத்த வேண்டியது மென்பொருள். கழற்றிய பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுபவர், அதற்கு முன் இச்சோதனையைச் செய்தாரெனின் பல பயணங்கள் மிஞ்சும்.

அடுத்தபடி முகவரி. கணினி வலையமைப்பிற் சேர்ந்தவுடன் தனக்கொரு முகவரி தருமாறு கேட்கும், ரவுட்டர் வழங்கும். அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கும் முகவரி காணப்பட்டால், கேட்டும் விடை வராமையால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். பழுதான வடமே இங்கும் பலமுறை காரணமாகும்; ரவுட்டரை அணைத்து எழுப்புவதாலும் தீர்வதுண்டு. ரவுட்டர் இன்றி மோடமிலேயே நேரே வடம் செருகுவோர் வேறொன்றை அறிதல் வேண்டும். சில கேபிள் மோடங்கள் தம்மோடு முதலிற் சேர்ந்த கணினியையே நினைவில் வைத்து, புதியதற்கு முகவரி மறுக்கும். மோடத்தின் மின்னை நிறுத்தி மீண்டும் கொடுத்தால் பழையதை மறக்கும்.

முகவரி கிடைத்தும் தளங்கள் திறவாவிடின், பிங் என்னும் கட்டளை பயன்படும். மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் ஆக்கிய இச்சிறு நிரல், ஓரிடத்துக்குக் குறியொன்றை விடுத்து எதிரொலி வருகிறதா என்று கேட்கும். முதலில் ரவுட்டரின் முகவரி. பின்பு வெளியுலகில் 8.8.8.8 போன்ற ஒன்று. அதன்பின் ஒரு தளத்தின் பெயர். ரவுட்டர் விடைதந்து வெளியுலகம் மௌனமாயிருந்தால் குறை வீட்டுக்கு வெளியே. எண் விடைதந்து பெயர் விடைதராவிடின், பெயரை எண்ணாக மாற்றும் ஆள்களப் பெயர் முறைமையே தடை. அதற்கு வேறொரு வழங்கியைக் குறித்துவிட்டாற் போதும்.

எண்ணும் பெயரும் விடைதந்தும் உலாவி மாத்திரம், பாதுகாப்பில்லை என்று சொல்லி எல்லாத் தளங்களையும் மறுக்குமாயின் கணினியின் கடிகாரத்தை நோக்குக. புதுப் பலகையின் நாள் பல்லாண்டு பின்தங்கியிருக்கலாம். தளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் பிழைத்தால் உலாவி அவற்றை நம்பாது.

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் மாத்திரம் கெட்டு நிற்கும் ஒரு நிலையும் உண்டு. அதற்கு ஊரறிந்த சான்று இன்ரெல் நிறுவனத்தின் ஐ225-வி என்னும் 2.5 கிகாபிற்றுச் சில்லின் முதற் பதிப்பு. ஈதர்நெற் முறையில் ஒரு செய்திப் பொதிக்கும் அடுத்த பொதிக்கும் இடையே 96 பிற்றுகள் செல்லும் நேரமளவாவது இடைவெளி விடுதல் வேண்டும் என்பது விதி. 2.5 கிகாபிற்று வேகத்தில் அது ஒரு செக்கனின் நூறுகோடியிலொரு பங்காக எண்ணின் 38.4 பங்கு மாத்திரமே. அவ்விடைவெளியை அச்சில்லு சரிவரப் பேணவில்லை. அதனால் வேறு சில நிறுவனங்களின் வலையமைப்புக் கருவிகளோடு 2.5 கிகாபிற்றில் இணைந்தபோது பொதிகள் தொலைந்தன. வேகம் பன்மடங்கு விழுந்தது. 2020 இல் நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு, பின்வந்த பதிப்பிலே திருத்தியது. அதுவரை அது கூறிய பரிகாரம், இணைப்பின் வேகத்தைக் கையால் 1 கிகாபிற்று என்று குறுக்கிவிடுதல். வீட்டுக்கு வரும் இணையமே அவ்வளவு வேகமுடையதன்றாதலின், பலருக்கு அதனால் ஓர் இழப்பும் நேரவில்லை. வடமும் செலுத்தியும் மாற்றிச் சலித்தவர் எவராயினும், சில்லின் அமைப்புப் பக்கத்தில் வேகத்தை ஒருபடி குறைத்துப் பார்ப்பது நன்று.

இவையெல்லாம் செய்து, லினக்ஸிலும் விளக்கு எரியாது, வேறு வடத்திலும் வேறு வாயிலும் எரியாது போயின், பலகையின் சில்லு பழுதென்று அப்பொழுது துணியலாம். அந்நிலையிலும் உத்தரவாதக் காலம் முடிந்திருப்பின் பலகையைக் கைவிட வேண்டியதில்லை. யூ.எஸ்.பி. வாயிற் செருகும் சிறிய ஈதர்நெற் இணைப்பி ஒன்றோ, பலகையின் வெற்றிடத்திற் பொருத்தும் வலையமைப்பு அட்டை ஒன்றோ, பலகையின் விலையில் ஒரு சிறு பங்கிற்குக் கிடைக்கிறது. உத்தரவாதம் உள்ளவர், எந்த வடம், எந்த வாய், எந்த முறைமை என்று தாம் செய்த சோதனைகளை ஒரு தாளில் எழுதிப் பலகையோடு கொடுப்பாராயின், கடைக்காரர் அவற்றையே மீண்டும் செய்து நாள் கடத்த வேண்டியிராது.